சேக் தாவூதின் உப்புத்தண்ணீர்த் தொட்டி

எங்களைப் பெற்ற அத்தா சேக் தாவூதிடம் ஷார்ஜாவில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், "மெரைன் அக்வேரியம் டெக்னீஷியன்" என்பார். அதாவது, ஒரு அரபி வீட்டில் மீன் தொட்டி கழுவுகிற வேலை. இருபது வருஷத்துக்கு மேல் கழுவினார். இடையிடையே லீவில் வந்து தைலம், டார்ச் லைட், பேரீச்சம்பழம் எல்லாம் கொடுத்துவிட்டு, அவர் முகம் எங்களுக்குப் பழகுவதற்குள் கிளம்பிவிடுவார். 2009-இல் அந்த அரபிக்குத் தொழில் படுத்துவிட்டது. முதலில் டிரைவரை நிறுத்தினான், அப்புறம் தோட்டக்காரரை, கடைசியில் மீன்களையும் அத்தாவையும். மீன்களை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அத்தாவை வாங்க ஆளில்லாததால் முத்துப்பேட்டைக்கு வந்து சேர்ந்தார்.

வேலை போய்த் திரும்பிய மற்றவர்கள் செல்போன் கடை வைத்தார்கள், ஆட்டோ வாங்கினார்கள். இவர் ஹாலில் ஆள் உயரத்துக்கு நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கட்டினார். குளத்து மீனுக்கு இல்லை, கடல் மீனுக்கு. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மேட்டூரில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருக்க, இந்த மனுஷர் மல்லிப்பட்டினத்திலிருந்து குட்டியானை வண்டியில் கேன் கேனாக உப்புத்தண்ணீர் ஏற்றி வந்தார். உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவியை இறால் பண்ணைக்காரரிடம் வாங்கினார். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் முதலில் மீனுக்குக் காற்று, மிச்சம் இருந்தால் எங்களுக்கு ஃபேன்.

வீடு அவருடையது என்றாவது இருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே இந்த வீடு என் அம்மா ஜன்னத் பீவிக்கும், அம்மாவின் லாத்தா, அதாவது என் பெரியம்மா மெஹராஜ் பேகத்துக்கும் சொந்தம். அத்தா அனுப்பிய காசில் மாடி எழும்பியது உண்மை. ஆனால் அந்த வீட்டில் அவர் மொத்தமாக இருந்த நாட்களைக் கூட்டினால், எங்கள் வீட்டுப் பூனை அவரைவிடப் பழைய ஆள்.

பெரியப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு பெரியம்மாவின் ஆட்சிதான். ஹாலில் வாசலுக்கு நேரே, ஃபேனுக்குக் கீழே ஒரு பிரம்பு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் தெரு தெரியும், டிவி தெரியும், அடுப்பில் என்ன வேகிறது என்பதும் தெரியும். வந்த புதிதில் அத்தா அதில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, அதுல ஒக்காராதீங்க. எனக்குக் காத்து நேரா வரணும்."

"சரிங்க லாத்தா."

நடையில் கட்டிலில் உட்கார்ந்தார். "தம்பி, அங்க பொம்பளைங்க வந்து போற எடம்." மாடிக்குப் போனார். "மாடியில மொளகா காயுது தம்பி." கடைசியில் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். ஐம்பது வயசு ஆள், ஸ்டூலில். அவருடைய பெட்டி மட்டும் மாடிப்படிக்கு அடியிலேயே கிடந்தது. உள்ளே எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எப்படியும் திரும்பப் போகப்போகிறவர்தானே.

போகத்தான் ஏற்பாடு நடந்தது. பெரியம்மாவின் மருமகன் சித்தீக் கத்தாரில் இருந்தார். கம்பெனி கேம்ப்பில் சமையல் உதவிக்கு விசா இருக்கிறது, மாமாவை அனுப்புங்கள் என்றார். போவதா வேண்டாமா என்று அத்தாவிடம் யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டுச் சபரில் இருக்கிற ஆம்பளைக்குத்தான் எங்கள் ஊரில் மரியாதை. வீட்டில் இருக்கிற ஆம்பளை வழியில் கிடக்கிற செருப்பு மாதிரி. அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. போக இஷ்டமில்லை என்று அத்தாவாவது சொன்னாரா? அதுவும் இல்லை. வெங்காயம் நறுக்கக் கத்தார் வரை போவதா என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. வாயில்தான் வரவில்லை. அரபி வீட்டில் பேசாமலே பழகிய வாய்.

மீன்களிடம் மட்டும் பேசுவார். முதலில் விட்டது ஒரு நீல மீன். விரல் நீளம்கூட இல்லை, வால் மட்டும் மஞ்சள். தனியாக இருந்து இருந்து மொத்தத் தொட்டியும் தன்னுடையது என்று நினைத்துவிட்டது. அதற்குப் பெரியம்மா என்று நான்தான் பெயர் வைத்தேன். நிஜப் பெரியம்மாவிடம், அந்த மீனை முறைத்துப் பார்த்தால் கண்ணில் கட்டி வரும் என்று சொல்லிவைத்தேன். கொஞ்ச நாள் ஹாலைக் கடக்கும்போதெல்லாம் அவர் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டே போனார்.

அப்புறம் மண்டபம் கடற்கரையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி ஒன்றும், தட்டையான மஞ்சள் மீன் ஒன்றும் காற்றடைத்த பையில் வந்தன. விட்ட அன்றே நீலம் வேலையைக் காட்டிவிட்டது. தன்னைப்போல் நாலு மடங்கு இருக்கிற மஞ்சள் மீனின் துடுப்பைக் கிழித்து, தொட்டி மூலையில் நிறுத்திவைத்தது. ஜோடி இரண்டும் மோட்டார் பின்னால் ஒடுங்கின.

அத்தா வயிறு முட்டத் தீனி போட்டுப் பார்த்தார். தின்றுவிட்டு இன்னும் தெம்பாகக் கடித்தது. முகம் மழிக்கிற கண்ணாடியை வெளியே சாய்த்து வைத்தார். தன் உருவத்தோடேயே நாள் முழுக்கச் சண்டை போட்டது. கண்ணாடியை எடுத்ததும் பழைய கதை. கடைசியில் அம்மாவின் அரிசி களைகிற பிளாஸ்டிக் கூடையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு நீலத்தை அதில் சிறை வைத்தார்.

"ஒலகத்துல எவனாவது மீனை ஜெயில்ல போடுவானா?" என்றார் அம்மா.

பெரியம்மாவும் அம்மாவும் நன்னிலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, அத்தா முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு எல்லாக் கல்லையும் இடம் மாற்றினார். நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார்:

"பழைய கல்லு அப்படியே இருந்தா, இது என் எடம்னு அது கடிக்கும். கல்லை மாத்திட்டா எல்லாமே புதுசா வந்த மீனுதான். முந்துன ஆளு யாரு, பிந்துன ஆளு யாருன்னு அதுக்கே தெரியாது."

கூடையைத் திறந்துவிட்டார். நீலம் தன் பொந்தைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தது. யாரையும் கடிக்க அதற்கு நேரமில்லை. மஞ்சள் மீன் மூலையை விட்டு வெளியே வந்தது.

அத்தா கையைத் துடைத்துக்கொண்டு ஹாலைப் பார்த்தார். பிரம்பு நாற்காலியைப் பார்த்தார். மறுபடியும் தொட்டியைப் பார்த்தார்.

"ஹம்தான், இந்த பீரோவை அந்தப் பக்கம் பிடி."

"என்னத்தா, வீட்டை விக்கப் போறீங்களா?"

"பிடிடா."

டிவி எதிர்ச் சுவருக்குப் போனது. கட்டில் ஜன்னல் ஓரம் வந்தது. டெலிபோன் அலமாரிக்கு மேலே ஏறியது. பிரம்பு நாற்காலியைத் துணி மடிக்கிற அறையில் போட்டோம். மீன் புத்தி மனுஷனுக்கு வேலை செய்யும் என்று நம்புகிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். சிரித்துச் சிரித்து எனக்கு பீரோ பிடி நழுவியது.

இரண்டு பேரும் வந்தார்கள். அம்மா சமையலறைக்குப் போகிற வழியில் கட்டில் காலில் இடித்துக்கொண்டார். பெரியம்மா பையைக் கீழே வைக்காமல் ஹாலை ஒரு சுற்று வந்தார். இன்னொரு சுற்று வந்தார்.

"இது யாரு செஞ்ச வேலை?"

"ஒட்டடை அடிச்சோம்," என்றார் அத்தா.

"அப்ப நான் எங்க ஒக்கார்றது?"

அந்தக் கேள்வி பெரியம்மா வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

"எங்க வேணும்னாலும் ஒக்காருங்க லாத்தா."

பெரியம்மா கட்டில் நுனியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தார். ஆனாலும் பெரியம்மா பெரியம்மாதான். "சரி, அது கெடக்கட்டும். வர்ற வாரம் திருச்சியில விசாவுக்கு மெடிக்கல். கார் சொல்லியாச்சு."

"நான் போகலீங்க."

அம்மா சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏன் தம்பி?"

ஆயிரம் சொல்லியிருக்கலாம். வயசாகிவிட்டது, பிள்ளைகளோடு இருக்க வேண்டும், பொண்டாட்டி முகம் பார்க்க வேண்டும். இந்த மகானுபாவர் சொன்னது: "மீனுக்குத் தண்ணி மாத்தணும்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது எனக்கு. அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லாத்தாவிடம் சொன்னார்: "அப்ப அதை அவரே சித்தீக்குகிட்ட சொல்லட்டும். நாம ஏன் நடுவுல."

அத்தா போன் போட்டார். நின்றுகொண்டே பேசினார். "மாப்ள... இல்ல மாப்ள... வேணாம்னு இல்ல... சுகர் இருக்கு மாப்ள. ஆமா, கூடத்தான் இருக்கு. மெடிக்கல்ல தள்ளிடுவான். உங்க பேரு கெட்டுடும். வேற ஆள போட்டுக்குங்க." போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல், இல்லாத வியாதியைத் தன் மேல் இழுத்துவிட்டுக்கொண்ட மனுஷர்.

"சுகர் எப்ப வந்திச்சு? சொல்லவே இல்லையே," என்றார் அம்மா.

"இல்ல, சும்மா சொன்னேன்."

"சும்மா யாராவது சொல்லுவாங்களா?"

கொஞ்ச நாளிலேயே நீல மீன் வேறு பொந்து பிடித்துவிட்டது. பெரியம்மாவும் ஜன்னல் ஓரத்தைப் பிடித்தார். அங்கிருந்து தெருவின் இரண்டு முனையும் தெரிகிறது, ஆட்சி முன்னைவிட விரிவு. ஆனால் அத்தாவை எழுந்திருக்கச் சொல்வதில்லை. சர்க்கரை வியாதிக்காரரை அலைக்கழிக்கக் கூடாதாம்.

சும்மா சொன்னதுதான் என்பதை அம்மா இன்றுவரை நம்பவில்லை. தஞ்சாவூர் வரை கூட்டிப்போய் ரத்தம் கொடுத்து, ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் அத்தாவின் டீயில் சர்க்கரை கிடையாது. அந்த மனுஷரும் மறுப்பே சொல்லாமல் அந்தக் கசப்பு டீயைக் குடித்துக்கொண்டு, மீனைப் பார்த்துக்கொண்டு, வீட்டிலேயே இருக்கிறார். டீயை எடுத்துப் போகிறவன் நான். போகிற வழியில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிவிடுகிறேன். பாசம் எல்லாம் ஒன்றுமில்லை. அந்த மூஞ்சியைக் கசப்போடு பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான்.