ஐந்தில் வைத்த காற்று

என் வீட்டுக்காரர் ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு வார்ப்படப் பட்டறையில் கிரைண்டிங் செய்தவர். பதினெட்டு வருடம். இரும்புத் தூசுக்கு வாயில் கட்டிய கைக்குட்டைதான் பாதுகாப்பு. பீடி வேறு. இப்போது நுரையீரல் பாதிகூட வேலை செய்வதில்லை. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருக்கிறது. கரண்டில் ஓடும். மூக்கில் குழாய்.

டாக்டர் சொன்னது ஒன்றுதான். "ரெண்டு லிட்டர். அதுக்கு மேல வேணாம்." ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

எங்கள் பக்கம் பராமரிப்பு என்று சில நாள் காலை ஒன்பதிலிருந்து கரண்டை நிறுத்துவார்கள். அந்த நாளுக்கென்று ஒரு சிலிண்டர் வைத்திருக்கிறோம். நான் கம்பெனிக்கு லீவு போட்டுவிடுவேன். உள்ளே போனால் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவர் செத்தாலும் எனக்கு ஷிப்ட் முடிந்துதான் தெரியும்.

அப்படி ஒரு நாள் அவருக்குக் காலையிலிருந்தே திணறல். மூன்று நாளாகச் சளி, தூக்கமில்லை. கரண்டு போனதும் சிலிண்டருக்கு மாற்றினேன். காற்றின் அளவு காட்டும் கண்ணாடிக் குழலுக்குள் குண்டு இரண்டில் நின்றது. அவர் கட்டிலில் உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றி, தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கினார்.

"ஏத்துமே."

"டாக்டர் ரெண்டுன்னாரு."

"டாக்டருக்கா மூச்சு வாங்குது? ஏத்து."

மூன்றில் வைத்தேன். பிறகு ஐந்து. நான் வேலை செய்யும் லைனில் ஸ்க்ரூ முடுக்குகிற ஏர் கன் குழாயில் வரும் காற்றில் ஓடும். அது சோர்ந்தால் வால்வைத் திறப்போம். காற்று கூடினால் வேலை நடக்கும். எட்டு வருடமாகக் கை அப்படித்தான் பழகியிருக்கிறது.

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கிளிப்பை விரலில் மாட்டிப் பார்த்தேன். எப்போதும் எண்பத்தொன்பது, தொண்ணூறு காட்டும். அன்றைக்குத் தொண்ணூற்றேழு. பள்ளிக்கூடத்தில் நான் வாங்காத மார்க். அவர் தலையணையில் சாய்ந்தார். கண் மூடினார். ஒரு வழியாகத் தூங்குகிறார் என்று, சத்தம் வராமல் பாத்திரம் கழுவினேன்.

பக்கத்து ரூமில் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலிப் பெண் குடத்தோடு வந்தாள். கரண்டு இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. வாசலில் நின்று உள்ளே பார்த்தாள்.

"யக்கா, அண்ணாச்சி மொகம் ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?"

"தூங்கறாரு. மெதுவா பேசு."

"உறங்குத மாதிரி தெரியலையே. எழுப்பிப் பாருங்க."

தோளைத் தட்டினேன். "யோவ்." அசையவில்லை. உலுக்கினேன். கண் பாதி திறந்தது. என்னைப் பார்க்கவில்லை. ஏதோ குழறினார். கண் மறுபடி மூடிக்கொண்டது. கன்னத்தில் அறைந்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நான் அவரை அடித்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பெண் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். நான் அவருக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரியின் நெஞ்சு வார்டு நர்சம்மாவுக்குப் போட்டேன்.

"எவ்ளோ வச்சிருக்கே?"

"அஞ்சும்மா. கிளிப்பு தொண்ணூத்தேழு காட்டுது."

"அய்யோ. அவருக்கு அவ்ளோ ஆகாது. அதிகமாக் குடுத்தா கெட்ட காத்து வெளிய போகாம உள்ளயே தங்கிடும். அதான் மயக்கம். ஒரேயடியா மூடிடாதே. ரெண்டுக்கு எறக்கு. இப்பவே."

திருகின் மேல் கை வைத்தேன். கை திரும்பவில்லை. எழும்பாமல் கிடக்கிற ஆளுக்குக் காற்றைக் குறைக்கச் சொல்கிறார். குறைத்து, செத்துப்போனால்? குறைத்தவள் நான்.

"எறக்கிட்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"ஏத்துனப்ப என்னைக் கேட்டியா நீ? எறக்கு!"

இறக்கினேன். குண்டு கீழே வந்தது. அவர் நெஞ்சையே பார்த்தேன். ஏறியது. நின்ற மாதிரி இருந்தது. ஏறியது. அந்தப் பெண் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே, "அண்ணாச்சி, முழிங்க, முழிங்க" என்றாள். வல்லம் வடகால் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளைத் தாண்டி ஆம்புலன்ஸ் வந்து சேர அரை மணி நேரம் ஆனது.

ஆஸ்பத்திரியில் முகத்தில் இறுக்கமாக மாஸ்க் கட்டி, காற்றைத் தள்ளுகிற மெஷினில் போட்டார்கள். டாக்டர் திட்டினார். நின்று வாங்கிக்கொண்டேன். இந்த முறை ஏன் என்று கேட்டேன். சொன்னார். தொண்ணூறு பக்கம் இருந்தாலே இவருக்குப் போதும் என்றார்.

மறுநாள் காலை மாஸ்க்கைக் கழற்றினார்கள். அவர் என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். நான்தான் ஏற்றினேன் என்றும் சொன்னேன்.

"நான் கேட்டா குடுத்துடுவியா?" என்றார். "சரக்குக்குக் காசு கேட்டப்போ குடுத்தியா நீ?"

பக்கத்துப் படுக்கைக்காரர் இருமிக்கொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் இரண்டு வாய் சோறு தின்றுவிட்டுச் சாய்ந்தார். கண் மூடியது. கொஞ்ச நேரம் பார்த்தேன். தோளைத் தட்டினேன்.

"இன்னாமே?"

"ஒண்ணுமில்ல."

மறுபடி தட்டினேன்.

"தூங்க வுடுடி, சனியனே."

வார்த்தை குழறவில்லை. சிறிது நேரம் விட்டேன். பிறகு மறுபடி தட்டினேன்.