மஞ்சள் துணி கட்டிய பாதை

டாக்டர் சர்க்கரை என்று சொன்ன பயத்தில்தான் நான் கியர் சைக்கிள் வாங்கினேன். செஞ்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பயப்படுவதற்குப் படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. கிளம்பும்போது பிரேக்கை ஒரு தடவை பிடித்துப் பார்ப்பேன். தெருமுனையில் இறங்கி இன்னொரு தடவை.

எங்கள் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, தொண்டூர்ப் பக்கத்துப் பாறைக்காட்டுக்குப் போவோம். ஓட்டுகிற நேரத்தைவிட டீக்கடையில் சைக்கிளைப் பற்றிச் சண்டை போடுகிற நேரம்தான் அதிகம். பெரிய சக்கரம் பாறையில் தானாக ஏறும் என்று ஒரு கட்சி. சின்னச் சக்கரம்தான் வளைவில் சொன்ன பேச்சு கேட்கும் என்று இன்னொரு கட்சி. விலை குறைந்த ஷாக் அப்சார்பர் வெறும் கனம், அந்தக் காசுக்கு நல்ல டயர் போடு என்பார் எங்களோடு ஓட்டுகிற சைக்கிள் கடைக்காரர். நான் டிஸ்க் பிரேக் கட்சி. செயின் இல்லாவிட்டாலும் இவன் ஓட்டுவான், பிரேக் இல்லாவிட்டால் தொடமாட்டான் என்று கிண்டல் செய்வார்கள்.

போன வருஷம் நாங்களே ஒரு ரேஸ் நடத்தினோம். வெளியூர்க்காரர்கள் என்றால் அவலூர்பேட்டையிலிருந்து வந்த மூன்று பேர்தான். பாதைக்கு அடையாளம் கட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. கடையில் துணி இருக்கிறது, எதையும் நாலு தடவை சரிபார்க்கிற ஆளும் நான்தான். ஜாக்கெட் லைனிங்கில் மிஞ்சிய மஞ்சள் துணியை நாடாக்களாகக் கிழித்து எடுத்துக்கொண்டு, முந்தின நாள் காலையில் போனேன்.

வழியில் ஒரு பாறைச் சரிவு. அதை எப்போதும் நான் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் இறங்குவேன். இறங்கியதும் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஏரிக்கரை, ரேஸ் முடிகிற இடம். வலது பக்கம் போனால் ஒரு வேப்பமரம், அதன் அடியில் அம்மன் கல், அதையும் தாண்டினால் வேலி இல்லாத பழைய கல்குவாரிப் பள்ளம். அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்க்கக்கூட நான் போனதில்லை. இடது பக்க முள்செடியில் ஒரு துணி கட்டினால் போதும். நான் ஏழெட்டு கட்டினேன்.

மறுநாள் ரேஸ் கிளம்புகிற இடத்தில் நின்றது நான். எங்கள் ஆட்கள் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று ஏரிக்கரையிலிருந்து சைக்கிள் கடைக்காரர் போனில் சொன்னார். அந்த மூன்று பேரைக் காணோம். அவர்களுக்குப் போனும் போகவில்லை. பஞ்சராகியிருக்கும், டென்ஷன் ஆகாதே என்றார் கடைக்காரர். எனக்குக் கண்ணுக்குள் பள்ளம்தான் தெரிந்தது. ரேஸ் வழியிலேயே போனால் சீக்கிரம் என்று சைக்கிளை எடுத்தேன்.

சரிவு வந்தது. இறங்கி உருட்ட நேரமில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன். பெரிய பயம் சின்ன பயத்தை ஓரமாகத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். பிரேக் கிறீச்சிட்டது மட்டும் ஞாபகமிருக்கிறது.

கீழே வந்து பார்த்தால் முள்செடி மொட்டையாக நிற்கிறது. ஒரு துணிகூட இல்லை. வலது பக்கம் டயர் தடம். வேப்பமரம் முழுக்க மஞ்சள்.

மரத்தடியில் மூன்று சைக்கிள்களும் சாய்ந்து கிடந்தன. மூன்று பேரும் ஷூவைக் கழற்றிவிட்டுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஆடு மேய்க்கிற அக்கா ஒருவர். பள்ளத்துப் பக்கம் போனவர்களை அவர்தான் சத்தம் போட்டு நிறுத்தியிருக்கிறார். சைக்கிளைக் கீழே போட்டேன். அப்படியே உட்கார்ந்து, இந்தத் துணியெல்லாம் எப்படி மரத்துக்கு வந்தது என்று கேட்டேன்.

"யாரோ முள்ளுல கட்டி வெச்சிட்டுப் போயிருக்காங்கப்பா. ஒண்ணு ரெண்டுன்னா வுட்டுட்டிருப்பேன். அத்தினி வேண்டுதல முள்ளுலயா வுடறது? அதான் அவுத்து அம்மனுக்கே கட்டிட்டேன். கூடவே எம் பொண்ணு பிரசவத்துக்கு நானும் ஒண்ணு கட்டினேன்."

கட்டியது நான்தான் என்றேன்.

"நீயா? இன்னா வேண்டிக்கின?"

ரேஸ், அடையாளம் என்றெல்லாம் விளக்க வாய் வரவில்லை. "யாரும் அந்தப் பள்ளத்துல வுழக் கூடாதுன்னுதான்க்கா."

அவர் அந்த மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார். "அப்பப் பலிச்சிடுச்சி. கூழு குடி."

குடித்தேன். துணிகளை அவிழ்க்கவில்லை. அவலூர்பேட்டைக்காரர்கள் ரேஸ் கைவிட்டுப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூழுக்குத் தொட்டுக்கொண்ட மிளகாயைப் பற்றித்தான் ஏரிக்கரை வரைக்கும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அதே சரிவில் பழையபடி இறங்கி உருட்டிக்கொண்டுதான் போனேன். அதற்கடுத்த வாரம் பாதி வரை ஓட்டினேன். இப்போது பத்துத் தடவைக்கு ஆறு ஏழு தடவை முழுசாக ஓட்டிவிடுகிறேன்.

இந்த வருஷ ரேஸுக்கு அடையாளம் சுண்ணாம்புக் கோடு, அது கடைக்காரர் பொறுப்பு. நான் ஓட்டுவதற்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கொடுத்த அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லை, ஆனாலும் போய்ப் பெயரை அடித்துவிட்டு வரவில்லை.

போன வாரம் அந்த அக்கா கடைக்கு வந்தார். பேத்திக்குச் சட்டை தைக்க வேண்டுமாம். அளவுக்குக் குழந்தையையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். தோள் அளவு எடுத்துக்கொண்டே, ரேஸில் ஓட்டப் போவதைச் சொன்னேன்.

"அன்னிக்கி ஆட்ட அந்தப் பள்ளத்தாண்டயே மேய்க்கிறேன்," என்றார். "நீ பாட்டுக்கு வா."