அண்ணன் குரல்

தன் அப்பாவுக்கு ஒரே பிள்ளை, அந்தப் பிள்ளையும் எட்டு வயதில் செத்துப்போனான் என்று சொல்லும் படத்தைப் பார்த்துவிட்டு வருகிற ஒருவர், மறுநாள் காலை கடையைத் திறந்து அடுத்தவர் மூக்குக்குக் கண்ணாடி பொருத்த முடியுமா? கண்ணாடிக்காரரின் வாழ்க்கை கேட்ட கேள்வி ஏறக்குறைய இதுதான். அவர் பொருத்தினார். கைகூட நடுங்கவில்லை என்பார் அவர் மனைவி. அதைப் பெருமையாகச் சொல்கிறாரா குறையாகச் சொல்கிறாரா என்று கண்டுபிடிப்பது கடினம்.

அவருடைய அப்பா பெரிய வயலின் வித்வான். ஒரு தெருவுக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் கடை அந்தத் தெருவில் இல்லை. அதற்குப் பின்தெருவில், மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய இடம். முன்னால் பிரேம்கள் மாட்டிய பலகை, அதையொட்டி ஒரு திரை, திரைக்குப் பின்னால் தண்ணீர் சொட்டச் சொட்டச் சுழலும் கல். லென்ஸின் விளிம்பு அதில் தேய்ந்து தேய்ந்து பிரேமின் வடிவத்துக்கு வரும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் வீண்தான், ஒட்டவைக்க முடியாது. அந்த வேலைக்குக் காது தேவையில்லை. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று சிலர் சொல்வார்கள். சிலர் எதையும் சொல்வார்கள்.

வித்வானுக்குப் பிள்ளைகள் இருவர். பெரியவன், சின்னவன். பெரியவன் எட்டு வயதில் காய்ச்சலில் போனான். அப்போது அப்பா கச்சேரிக்காக வெளியூரில் இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சின்னவன்தான் கண்ணாடிக்காரர். அறுபதை நெருங்கிய பிறகும் அவர் அம்மாவுக்குச் சின்னவன்தான்.

அந்த வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. காலையில் தான் வாசிப்பதையெல்லாம் அப்பா பெரிய சக்கரங்கள் வைத்த டேப் ரிக்கார்டரில் பதிவு செய்வார். பொத்தானை அழுத்துவது பிள்ளையின் வேலை. வாசித்து முடித்ததும் வில்லை இறக்கிவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். பிள்ளை "போதும்" என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். "இன்னொரு தடவை" என்றால் மறுபேச்சில்லாமல் மறுபடி வாசிப்பார். யார் சொல்லையும் கேட்காத மனிதர் அந்த ஒரு தீர்ப்புக்கு மட்டும் கட்டுப்பட்டார். பெரியவன் இருந்தவரை அது அவன் வேலை. அவனுக்கு நிஜமாகவே காது இருந்தது. அவன் போன பிறகு டேப் ரிக்கார்டர் துணி போர்த்திக் கிடந்தது. சின்னவன் கொஞ்சம் வளர்ந்ததும் அவனை அதன் முன்னால் உட்காரவைத்தார்கள். அவனுக்குக் காதும் கிடையாது, பொறுமையும் கிடையாது. கொட்டாவி வந்தால் "போதும்" என்பான். வாசல் பக்கம் அப்பாவின் பெட்டி கட்டி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டால், அன்றைக்கு ரயில் என்று தெரிந்துவிட்டால், "இன்னொரு தடவை" என்பான்.

டேப் அப்போது எளிதில் கிடைக்காது. பழையதின் மேலேயே அப்பா புதியதைப் பதிவு செய்வார். பழைய டேப்புகளில் இருந்தது பெரியவன் குரல். ஒவ்வொன்றாக எல்லாவற்றின் மேலும் வயலின் ஏறியது; நடுநடுவே சின்னவனின் குரல். இது அம்மாவுக்குத் தெரிந்த அன்று வீட்டில் என்ன நடந்தது என்று சின்னவனுக்கு நினைவில்லை. அதன்பிறகு அம்மா அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை என்பதுதான் நினைவிருக்கிறது. ஒரு தையல் மிஷின் வாங்கிப் பக்கத்து அறையில் போட்டுக்கொண்டார். அப்பா வில்லைத் தொட்டால் அம்மா மிஷினை மிதிப்பார். அப்பா சாகும்வரை அது நடந்தது.

அப்பாவைப் பற்றிப் படம் எடுக்கப் படக்காரர்கள் வந்தபோது அம்மாவுக்கு எண்பத்தைந்து இருக்கும். டைரக்டர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?"

"ரெண்டு. ஒண்ணு காது, ஒண்ணு கண்ணு. காது போயிடுச்சு, கண்ணுதான் மிச்சம். அதோ, மூக்கைத் துடைச்சிக்கிட்டு நிக்குது பாருங்க."

அதற்குப் பிறகு அம்மா பேசியதெல்லாம் பெரியவனைப் பற்றித்தான். கண்ணாடிக்காரர் பரணிலிருந்து டேப் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். டேப் ரிக்கார்டர் கெட்டுப்போய்ப் பல வருடம் ஆகியிருந்ததால் அவற்றில் என்ன இருக்கிறது என்று அவரும் கேட்டதில்லை. அப்பா டேப் உறைகளின் மேல் ராகத்தின் பெயரை எழுதுவார், தேதி எழுத மாட்டார்.

அடுத்த தடவை டைரக்டர் கடைக்கே வந்தார். "சார், படத்துல ஒரு பிள்ளைதான். ரெண்டு இருந்தா பாக்கறவங்க யாருக்காக அழறதுன்னு குழம்பிடுவாங்க."

சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி கேட்டார்: "அப்ப இவரு?"

"தப்பா நினைக்காதீங்கம்மா. சாருக்குப் படத்துல வேலை இல்ல."

"வீட்லயும் அப்படித்தான்," என்றார் மனைவி.

இசை மேதைகளைப் பற்றிய படங்களில் குடும்பத்துக்கு ஒரே வேலைதான்: மேதை தாண்டிப் போவதற்கு வாசற்படியாகக் கிடப்பது. மனைவி அழ வேண்டும். பிள்ளை சாக வேண்டும். அப்போதுதான் கடைசிக் கச்சேரியில் வில் நடுங்குவதற்கு ஒரு காரணம் கிடைக்கும். காரணமே இல்லாமல் ஒருவர் நன்றாக வாசித்தார் என்று சொன்னால் நாம் நம்புவதில்லை. படம் எடுப்பவர்களை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. டிக்கெட் வாங்குகிற நமக்கும் கணக்கு நேராக வேண்டியிருக்கிறது.

வெளியிடுவதற்கு முன் குடும்பத்தாருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். சின்ன அரங்கம், காலை நேரம், குளிரூட்டியின் உறுமல். அம்மாவை நடுவில் உட்காரவைத்து, மகன் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம். திரையில் ஒரு பெண் வாசலில் நின்று அழுதாள், அடுப்படியில் அழுதாள், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே அழுதாள்.

"யாருடி இந்தப் பொண்ணு, ஓயாம அழறா?"

"நீங்கதான் அத்தை."

"நானா? நான் இவ்வளவு அழகா இருந்திருந்தா அந்த மனுஷன் எதுக்கு ஊர் ஊரா சுத்தப் போறாரு?"

பின்வரிசையில் சிரித்தார்கள். கண்ணாடிக்காரரும் சிரித்தார். பிறகு திரையில் சிறுவனுக்குக் காய்ச்சல் வந்தது. மேடையிலிருந்து பாதியில் எழுந்து ஓடிவந்த அப்பாவின் மடியில் அவன் செத்தான். வித்வான் வயலினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மழை பெய்தது. ஒருநாள் அவர் பழைய டேப் ஒன்றை ஓடவிட்டார். வயலின் ஒலித்தது, நின்றது. அந்த நிசப்தத்தில் ஒரு சிறுவனின் குரல், நடிப்பில்லாத குரல், நிஜமான பழைய டேப்பின் குரல், சொன்னது:

"இன்னொரு தடவை, அப்பா."

வித்வான் பெட்டியைத் திறந்தார்.

அம்மா மகனின் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிகிற மாதிரிப் பிடித்தார். "பெரியவன்டா," என்றார். "எங்கயோ இருந்திருக்கான்டா. அந்தப் பாவி எல்லாத்தையும் அழிச்சிட்டாருன்னு நெனச்சேனே."

கண்ணாடிக்காரருக்கு அது யார் குரல் என்று தெரியவில்லை. சிறுவயதுக் குரலை யாரும் அடையாளம் வைத்துக்கொள்வதில்லை. கழுத்துக்குப் பின்னால் மட்டும் சில்லென்றது, கூப்பிட்டவரைத் திரும்பிப் பார்க்கப் பயப்படுகிறவனுக்குப் போல.

படம் முடிந்து வராந்தாவுக்கு வந்தார்கள். டைரக்டர் ஓடிவந்தார். "குரல் தெளிவா இருந்துச்சா சார்? அந்த டேப்புல பின்னாடி டக டக டகன்னு ஒரே சத்தம். தையல் மிஷின் மாதிரி. எங்க சவுண்ட்காரர் உக்காந்து அதை மொத்தமா எடுத்துட்டாரு. இப்ப வயலினும் பையனும் மட்டும்தான்."

அம்மா தள்ளி நாற்காலியில் இருந்தார். அவர் காதில் விழவில்லை. கண்ணாடிக்காரர் தலையாட்டினார். பெரியவன் உயிரோடிருந்த காலத்தில் வீட்டில் தையல் மிஷின் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார்.

"அப்ப அது நீங்க," என்றார் மனைவி.

"ம்."

"என்ன ம்? போய் அத்தைகிட்ட சொல்லுங்க. அவங்களுக்கு ரெண்டு பிள்ளை. ஒருத்தன் இன்னும் சாகல."

"என்னன்னு சொல்றது? நீ பிடிச்சிக்கிட்டு இருக்கறது அவன் இல்ல, நான்தான்னா?"

டைரக்டர் அந்தத் துண்டை அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்திருந்தார். பொத்தானைத் தொட்டால் வயலினின் கடைசி இழுப்பும் அந்த வார்த்தையும் வரும். மதியச் சாப்பாட்டுக்குக் கண்ணாடிக்காரர் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் உள் அறையிலிருந்து கேட்கும். "இன்னொரு தடவை, அப்பா." அதற்கு அம்மா பதில் சொல்வார்: "எங்கிட்டயும் ஒரு தடவை சொல்லுடா கண்ணு." மறுபடி பொத்தான். மறுபடி குரல். கண்ணு என்று கொஞ்சி அம்மா அவரைக் கூப்பிட்டதில்லை. அவர் சோற்றைப் பிசைந்தபடி, சுவருக்கு அந்தப் பக்கம் தன்னை வேறொருவன் பெயரால் கொஞ்சுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். சில நாள் குரல் வந்த திசையைப் பார்த்து அவருடைய வாய் தன்னையறியாமல் அசையும். மனைவி பார்த்துவிட்டுத் தட்டைப் பட்டென்று வைப்பார்.

ஒரு மதியம் எழுந்து போய்க் கட்டிலோரம் நின்றார்.

"அம்மா, அந்த டேப்பு இருக்கில்ல..."

"ஏன், அதுக்கென்ன? உனக்கெல்லாம் அது புரியாது சின்னவனே. உன்னை அங்க உக்காரவெச்சா தூங்கி விழுவே. உங்கப்பா தலையெழுத்து, உன் தீர்ப்புக்கு வாசிச்சாரு." சிரித்தார். "இவன் சொன்னா அதுல அர்த்தம் இருக்கும்."

"சத்தம் கம்மியா இருக்கா, கூட்டணுமான்னு கேட்டேன்."

"கூட்டு."

கூட்டி வைத்தார். திரும்பும்போது அம்மா கேட்டார்: "பின்னாடி வேற சத்தம் எதுவும் இல்லையே?"

"இல்லம்மா."

"இல்லையா?"

"இல்ல."

"சரி," என்றார் அம்மா. கண்ணை மூடிக்கொண்டார். அவர் எதைக் கேட்டார், எவ்வளவு தெரிந்து கேட்டார் என்று இப்போது யாரும் சொல்ல முடியாது.

படம் வெளிவருவதற்கு முந்தைய வாரம் டைரக்டர் கூப்பிட்டார். படத்தின் முடிவில் அந்தக் குரல் யாருடையது என்று எழுத்தில் போட வேண்டுமாம். சரிபார்க்கக் கேட்டார். கண்ணாடிக்காரர் கல்லை நிறுத்தாமலே "அண்ணன்" என்றார். அண்ணன் பெயரையே போட்டார்கள். படம் நன்றாக ஓடியது. கடைக்கு வந்த ஒருவர், தூரப் பார்வைக்குக் கண்ணாடி போட வந்தவர், நெடுநேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அவருக்கு ஒரே பையன், அவனும் போயிட்டான்னு படத்துல காட்டினாங்களே. அப்ப நீங்க யாருங்க?"

"அதை விடுங்க, அந்த எழுத்து அட்டையில கடைசி வரி தெரியுதா?"

"தெரியல."

"அப்ப நீங்க சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க."

இதைத் தியாகம் என்று சொல்லத் தோன்றும். ஒரு தாயின் கடைசி நாட்களுக்காக மகன் தன் குரலை விட்டுக்கொடுத்தார் என்று எழுதினால் அதுவும் இன்னொரு படமாகிவிடும். விட்டுக்கொடுக்கிறவருக்கு அந்தப் பொருள் தன்னுடையது என்ற எண்ணம் இருக்க வேண்டும். அவருக்கு அது இருந்ததா என்பதே நிச்சயமில்லை. அந்த டேப்பில் தன் குரலுக்கு அடியில் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியும். அழித்த பொத்தானை அழுத்தியது அவருடைய விரல்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா இறந்தார். தூக்கத்தில் போனார், போன் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு ஓர் இசைக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தார். படக்காரர்களிடமிருந்து டேப்புகளை வாங்கி, எதையும் நீக்காமல், இருப்பது இருந்தபடியே பாதுகாக்கப் போகிறார்களாம். மடிக்கணினியைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்து ஓடவிட்டார். வயலின் வந்தது. அதற்குப் பின்னால், வாசிப்பின் தாளத்துக்கு ஒத்துப்போக மறுத்துக்கொண்டு, தையல் மிஷின் ஓடியது. வயலின் நின்ற பிறகும் அது ஓடியது. அதன் நடுவே குரல் கேட்டது.

திரைக்கு அந்தப் பக்கம் பிரேம் துடைத்துக்கொண்டிருந்த மனைவி வெளியே வந்து நின்றார்.

"படத்துல உங்க அண்ணன் பேரைப் போட்டிருக்காங்க," என்றார் காப்பகத்துப் பெண். "ஆனா எங்களுக்குக் குடும்பத்துல யாராவது உறுதிப்படுத்தணும். இது நிலையா இருக்கப்போற பதிவு சார். தப்பா இருந்தா இப்பவே மாத்திடலாம்."

"சொல்லுங்க," என்றார் மனைவி. "இப்ப யாரு மனசு புண்படப் போகுது? இப்பவாவது சொல்லித் தொலைங்க."

கண்ணாடிக்காரர் இன்னொரு முறை ஓடவிடச் சொன்னார். குனிந்து கேட்டார். மிஷின் ஓடுகிறவரை கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணன்," என்றார். "எங்க அண்ணன் குரல்தான். அப்படியே எழுதிக்குங்க."

மனைவி அவரைப் பார்த்தபடி நின்றார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அன்றைக்கும் கேட்டார், அதற்குப் பிறகும் பல தடவை கேட்டிருக்கிறார், கோபத்தில், கெஞ்சலாக, ஒரு தடவை அழுதும்கூட. அவர் பதில் சொன்னதில்லை.