இருபத்திநாலு என்று காட்டியது

போன பங்குனியில் என் மனைவி சரோஜாவைக் கம்பளையிலிருந்து கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். மொத்தம் சுமார் 270 கிலோமீட்டர். பயணம் அறுபத்தெட்டாவது கிலோமீட்டரில் முடிந்துபோனது. ஊர் சுற்றிப் பார்த்த கதையை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். பழைய கெப் வண்டிக்குத் தானியங்கி ஏ.சி. பூட்டி, நோயாளியை ஏற்றிக்கொண்டு போக நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் சரோஜா மாடிப்படியில் விழுந்து கழுத்தெலும்பு நொறுங்கியது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை, விரல்கள் எதையும் பிடிக்காது. வெளியே தெரியாத இன்னொன்றும் உண்டு. அவளுக்கு வியர்க்காது. சூடு ஏறினால் உடம்புக்கு அதை இறக்கத் தெரியாது, குளிரெடுத்தாலும் அப்படியே. "இருபத்திநாலு டிகிரியில வச்சிக்கங்க, கூடவும் வேணாம், குறையவும் வேணாம்" என்று பேராதனை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லி அனுப்பினார். அவளுடைய அம்மா கிளிநொச்சியில் மகன் வீட்டில் படுத்த படுக்கை. மூன்று வருடமாகத் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கவில்லை. தினமும் மாலை ஆறு மணிக்குப் போனில் குரல் மட்டும்தான்.

வாடகை வேன் பிடிக்கலாமே என்பீர்கள். பிடித்துப் பார்த்தாயிற்று. ஏற்றம் வந்தால் டிரைவர் ஏ.சி.யை நிறுத்திவிடுவார், கேட்டால் "இழுக்காது அண்ணே" என்பார். என்னிடம் இருப்பது இருபத்தெட்டு வயதான டீசல் டபுள் கெப், இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் சாமான் தட்டும் உள்ளது. என் ஹாட்வெயார் கடைக்குச் சீமெந்தும் பைப்பும் ஏற்றிய வண்டி. அதிலும் ஏ.சி. இருந்தது. ஒரே ஒரு குமிழ், திருகினால் நுவரெலியாக் குளிர், மூடினால் அடுப்பு. அவளால் குமிழைத் திருக முடியாது. நான் வளைவில் ஸ்டியரிங்கைப் பிடிப்பேனா, குமிழைப் பிடிப்பேனா?

அதனால் பிலிமத்தலாவையில் நவாஸ் நானாவின் கராஜுக்குப் போனேன். எங்கள் கடையிலிருந்து இருபது கிலோமீட்டர். உடைத்து விற்கப்பட்ட ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கன்ட்ரோல் பெட்டி, குளிர்காற்றையும் சூடான காற்றையும் கலக்கும் மோட்டார், சென்சர் எல்லாவற்றையும் எடுத்து என் வண்டிக்குப் பூட்டினார். மூன்று நாள் என்றார், பதினொரு நாள் ஆனது. கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

டாஷ்போட்டில் புதுப் பெட்டிக்குக் கீழே ரூபாய்க் காசளவில் ஒரு சின்ன வலை இருந்தது. "இதுதான் மூக்கு" என்றார் நானா. வண்டிக்குள் இருக்கும் காற்றை அதன் வழியாக உறிஞ்சித்தான் உள்ளே இருக்கும் சென்சர் சூட்டை அளக்கிறதாம். ஒரு துண்டு டிஷூவை வலைக்குப் பக்கத்தில் பிடித்தார், சட்டென்று ஒட்டிக்கொண்டது. "பாத்தீங்களா தம்பி, மூச்சு விடுது. பின்னுக்கு ஒட்டினாப்புல குளிர்க் குழாய் போகுது, வேற எடம் கெடைக்கல்ல. இதுக்கு முன்னால துணி கிணி தொங்கப்போட வாணாம்." சரி சரி என்று தலையாட்டினேன். துணிதானே என்று நினைத்தேன்.

அடுத்து நான் செய்ததை எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வார்கள். வண்டிக்குப் புதுச் சாமான் பூட்டினால் கோயிலில் பூசை போடாமல் தூரப் பயணம் போவோமா? கம்பளையில் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஐயர் சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே எட்டிப் பார்த்து, "புதுசா பூட்டுனது எது?" என்று கேட்டார். "இதுதான் சாமி" என்று நான்தான் விரலை நீட்டிக் காட்டினேன். பெருமை வேறு! பெட்டிக்கு நடுவில் எண் வருகிறதே என்று அவர் கொஞ்சம் கீழே இறக்கி, கட்டியாக ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார். "அழகா இருக்குங்க" என்றாள் சரோஜா. எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை 6.10க்குப் புறப்பட்டோம். பின் இருக்கையைச் சாய்த்து, தலையணை முட்டுக்கொடுத்து, வார் போட்டு அவளைப் படுக்க வைத்திருந்தேன். பெட்டியில் 24 என்று அழுத்தினேன், 24 என்று காட்டியது. கண்டி நெரிசலைத் தாண்டும்போது 7.15. அக்குறணையில் டீ குடிக்க நிறுத்தினோம், அவளுக்கு உறிஞ்சு குழாயில் கொடுத்தேன். "அம்மா என்னைய பாத்ததும் அழும், நீங்க பக்கத்துல நிக்காதீங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மாத்தளையை 8.40க்குக் கடந்தோம். அதற்குப் பிறகு மலை இறங்கிவிடும், வெயில் ஏறும்.

"எனக்கு என்னமோ மாதிரி இருக்குங்க. மூஞ்செல்லாம் எரியுது."

"இருபத்திநாலுதான் காட்டுது. சும்மா பயந்துக்காத."

"இல்லங்க, தல கனக்குது."

"ராவெல்லாம் தூங்கல, அதான்."

என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு எப்போதும் வியர்க்கும், அதைப் பெரிதாக எடுக்கவில்லை. என் சட்டையை நம்பவில்லை, பெண்டாட்டி சொன்னதை நம்பவில்லை, ஒரு பச்சை எண்ணை நம்பினேன். படுபாவி நான்.

மாத்தளை தாண்டி நாலந்தா ஊருக்குப் பக்கத்தில் அவள் பேச்சு நின்றது. கூப்பிட்டேன், பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் முகம் செங்கல் நிறத்தில் சிவந்து, கண் பாதி சொருகியிருந்தது. ஒரு தெம்பிலி இளநீர்க் கடைக்கு முன்னால் வண்டியை ஏற்றி நிறுத்தி நாலு கதவையும் திறந்தேன். வெளியே அடித்த வெயில் காற்றே உள்ளே இருந்ததைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. கடைக்காரச் சிங்களப் பெண் "மொகத உனே மாத்தயா?" என்று பதறி ஓடிவந்தார். என்ன ஆச்சு என்று கேட்கிறார். நான் பின் இருக்கையைக் காட்டினேன். அவரே ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரும் பழைய சாரத் துணியும் கொண்டுவந்து, நனைத்து நனைத்து சரோஜாவின் கழுத்திலும் தலையிலும் போட்டார். நான் ஒரு அட்டைத் துண்டால் விசிறினேன். நாற்பது நிமிடம் கழித்துக் கண் திறந்தாள். "வந்துட்டமா?" என்று கேட்டாள்.

திரும்பினோம். ஜன்னல்களை இறக்கிவிட்டு, ஈரத்துணியோடு, பேராதனை வரைக்கும். நான்கு நாள் வார்டில் இருந்தாள்.

ஐந்தாம் நாள் நானாவிடம் சண்டை பிடிக்கப் போனேன். அவர் டாஷ்போட்டுக்கு முன் குனிந்து, குண்டூசியால் வலையைச் சுரண்டினார். மஞ்சள் தூள் உதிர்ந்தது. "தம்பி, இது சந்தனமா?" வண்டிக்குள் இருக்கும் காற்று வலைக்குள் வர வழியில்லாமல், சென்சர் பின்னால் ஓடிய குளிர்க் குழாயைத்தான் அளந்திருக்கிறது. உள்ளே குளிர் கூடிவிட்டது என்று நினைத்து, சூடான காற்றைக் கலந்து கலந்து விட்டிருக்கிறது. "அப்ப இருபத்திநாலுன்னு காட்டுச்சே நானா?" என்றேன். "அது நீங்க கேட்ட சூடு தம்பி. இரிக்கிற சூடு இல்ல." கூலி வாங்க மறுத்துவிட்டார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போகிறவர்கள் கவனியுங்கள். பெட்டியில் தெரிவது நீங்கள் கேட்ட அளவு மட்டுமே, ஆகவே தனியாக ஒரு வெப்பமானி வாங்கி நோயாளியின் தலைமாட்டில் மாட்டுங்கள். புறப்படுமுன் வலையில் டிஷூ ஒட்டுகிறதா என்று பாருங்கள். மாத்தளைக்குப் பிறகு பகல் வெயிலில் போகாதீர்கள், விடியுமுன் அதைத் தாண்டிவிடுங்கள். பொட்டு வைப்பதென்றால் கண்ணாடியில் வையுங்கள். இதெல்லாம் எழுதுவது சுலபம். கூட வருகிறவர் முடியவில்லை என்று சொன்னால் எதையும் பார்க்காமல் நிறுத்துங்கள். எனக்கு அது தெரியாமலா இருந்தது?

வண்டி இப்போது அருமையாக வேலை செய்கிறது. சரோஜாவிடம் இரண்டு தடவை கேட்டேன். "பாக்கலாங்க" என்கிறாள், அத்தோடு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் மூன்றாவது தடவை கேட்கவில்லை.

நேற்று மாலை ஆறு மணிக்கு முற்றத்தில் வண்டியை ஓடவிட்டு டிஷூவைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டியது. இன்ஜினை நிறுத்தியதும் ஜன்னல் வழியாக அவளுடைய அம்மாவின் குரல் கேட்டது. காதில் போனைப் பிடிக்க முடியாததால் சரோஜா ஸ்பீக்கரில்தான் பேசுவாள். மாத்தளையில் வண்டி பழுதாகிப் போனது என்று மட்டும்தான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"வண்டி சரியாயிருச்சா புள்ள?"

"இன்னும் இல்லம்மா. ஏதோ சாமான் வரணுமாம்."

"சரியானதும் மொதல்ல கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூச போடச் சொல்லு. போன தடவ சரியா போட்டிருக்க மாட்டாரு."

"சரிம்மா," என்றாள் சரோஜா. "சொல்றேன்."