செப்புக் குடத்துத் தண்ணீர்

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். சென்ற வாரம் துணி மூட்டையோடு தோட்டத்து ஆபீசுக்கு வந்த முஸ்லிம் வியாபாரி நானா சொன்னார்: "கிளாக்கர் ஐயா, முன்ன துரை பங்களாவுல வேலை செஞ்ச வீரன் நிவித்திகலப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்துல காய்ச்சல்ல போயிட்டாருங்க." நான் தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டிருந்ததைத் தொடர்ந்தேன்.

இதைப் பத்திரிகையில் படிப்பவர்களில் வீரனை அறிந்தவர்களுக்கு எங்கள் தோட்டத்துத் துரையையும் தெரிந்திருக்கும். சீமையிலிருந்து ஆக்சலோட்ல் என்ற நீர்ப்பிராணிகளைக் கண்ணாடித் தொட்டியில் கொண்டுவந்தவர். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் அவற்றைக் கால் முளைச்ச மீன் என்றார்கள். முட்டை பொரிந்ததும் குஞ்சுகள் ஒன்றன் காலை ஒன்று கடித்தன. நலிந்தவற்றை வீரன் தனித்தனி மண்சட்டிகளுக்கு மாற்றி, ஈரச் சாக்குச் சுற்றிக் குளிர வைத்தார். "பசியில இருக்கிறதையும் பயத்துல இருக்கிறதையும் ஒரே சட்டியில விடக்கூடாதுங்க" என்பார்.

இரை எடுக்காத குஞ்சுக்கு, ஈர்க்கு நுனியில் கொசுப்புழுவை ஒட்டி வாயருகே அசைத்தபடி அரைமணி குந்தியிருப்பார். ஒருநாள் பெரிய கங்காணி கேலி செய்தார்.

"என்னடா வீரா, துரை புள்ளைங்களுக்குச் சோறு ஊட்டியாச்சா?"

"ஆச்சுங்க. நீங்கதான் பாக்கி."

அந்தக் கேலிக்காகக் கங்காணியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் வீரனைக் கெடுத்தவர் அவரல்ல.

துரை கொழும்புக்குப் போனபோது பங்களாவை என் பொறுப்பில் விட்டார். வீரன் ஊற்றிவந்த மண்பானைத் தண்ணீர் சுத்தமில்லை என்று எனக்குப் பட்டது. எங்கள் வீட்டில் குடிக்க வைக்கும் செப்புக் குடத்தைப் புளிபோட்டுத் துலக்கிக் கொடுத்து, அதில் ஊறிய தண்ணீரையே தொட்டியிலும் சட்டிகளிலும் மாற்றச் சொன்னேன்.

"செம்பு வேணாமுங்க ஐயா. அதுங்க தோலாலயே குடிக்குதுங்க."

"நீ படிச்சவனா, நான் படிச்சவனா?"

"நீங்கதாங்க" என்று ஊற்றினார்.

இரண்டே நாளில் ஒரு குஞ்சும் மிஞ்சவில்லை.

துரை திரும்பி வந்து யார் செய்தது என்று கேட்டபோது, வீரன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "என் கையால ஊத்துனதுங்க துரை" என்றார். அன்றே அவரைக் குடும்பத்தோடு தோட்டத்தைவிட்டு அனுப்பினார்கள். வேலைநீக்கச் சீட்டை எழுதியவன் நான். காரணம் 'கவனக்குறைவு' என்று எழுதியதும் நான்தான்.

எனக்கு வரவேண்டிய உயர்வைத் தடுத்தவர்கள் ஒவ்வொருவர்மீதும் கறுவிக்கொண்டே எனக்கு வயதாகிவிட்டது. வீரன் என்னைப்பற்றி ஒரு சொல் சொன்னதாக எவரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் விட்டுப்போன சட்டிகளில் ஒன்று என்னிடம் இருக்கிறது. எதையும் அதில் போட்டு வைக்க மனம் வரவில்லை.

கவனக்குறைவு அவருடையதல்ல என்பது பத்திரிகையில் வரவேண்டும். அடியில் என் பெயரை எழுதப் பேனாவைத் தொட்டேன். துரை இன்னும் இங்கேதான் இருக்கிறார்; என் வேலையும் இங்கேதான். பெயரில்லாமலே தபாலில் சேர்க்கிறேன். வீரன் இருந்திருந்தால், இந்த முறையும் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்.