தண்ணீரை நேராகத் துளைத்தவன்

அந்த வாத்தியாரை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, போனால் போகட்டும் என்று அக்கா சொல்வாள். அவளுக்கென்ன, திட்டு வாங்கியவள் அவளா?

தொண்ணூறுகளின் நடுவில் அம்பாசமுத்திரத்தில் அத்தானின் கடைசல் பட்டறையில் இருந்தேன். அக்காவைக் கட்டியவர் என்பதால் அத்தான், மற்றபடி முதலாளிதான். மரக்கட்டையை மிஷினில் சுற்றவிட்டு, உளி வைத்துக் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்வோம். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அத்தானின் தம்பிகள் இரண்டு பேர் வாசல் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதில் பெரியவனுக்கு என் மிஷின் மேல் கண். நான் எதையாவது உடைக்கமாட்டேனா என்று பார்த்துக்கொண்டே இருப்பான். அவன் பார்க்கிறான் என்பதாலேயே ஒவ்வொரு சாமானையும் இரண்டு தடவை அளப்பேன். ராத்திரி படுத்தால் மிஷினை நிறுத்தினேனா என்று மூன்று தடவை எழுந்து யோசிப்பேன்.

பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவர் ஒரு சீட்டுக் கொண்டுவந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். மூலக்கூறு மாதிரி செய்யவேண்டுமாம். கருப்பு உருண்டை கார்பன், நாலு துளை. சிவப்பு உருண்டை ஆக்சிஜன், இரண்டு துளை. வெள்ளை உருண்டை ஹைட்ரஜன், ஒரு துளை. குச்சி சொருகிச் சேர்த்தால் மீத்தேனும் தண்ணீரும் வரும். துளை எந்தப் பக்கம் என்று சீட்டில் இல்லை.

கேட்டிருக்கலாம். கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார் என்று பயந்து கேட்கவில்லை. எங்கள் கைக்கு இரண்டு துளை என்றால் ஒன்றுதான்: இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுப்பது. பள்ளிக்கூடத்தில் தண்ணீரை ஒரே கோட்டில் நடுவே ஓ, இரண்டு பக்கமும் ஹெச் என்று எழுதியதும் நினைவிருந்தது. மீத்தேன் கூட்டல் குறி மாதிரி இருக்கும். அப்படியே சிவப்பை நேராகத் துளைத்தேன். கருப்புக்கு இடுப்பைச் சுற்றி நாலு துளை. தேய்த்துப் பளபளவென்று வைத்தேன்.

சனிக்கிழமை வந்தவர் முதலில் தண்ணீரைத்தான் எடுத்தார்.

“ஏலே, இது என்னது?”

“தண்ணி, சார்.”

“இதுவா தண்ணி? தண்ணி இப்படி நேரா இருந்தா தாமிரபரணில ஒரு சொட்டு நிக்குமாலே? எல்லாம் ஆவியாப் பறந்திருக்கும். நீயும் நானும் பொறந்தேயிருக்க மாட்டோம்.”

“புஸ்தகத்துல அப்படித்தான் சார் போட்டிருந்தது.”

“எத்தன வரைக்கும் படிச்ச?”

“ஒம்பது.”

“அதான. ஒம்பதுக்கு வெறுங்கோடுதான் போடுவான். அதுக்கு மேல படிச்சிருந்தால்லா உருவம் தெரியும்!”

பெஞ்சில் இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைவிடச் சின்னவன் என்னை ஏலே என்கிறான், அதற்கு இவர்கள் சிரிக்கிறார்கள். காது சுட்டது.

அவர் நிறுத்தவில்லை. உருண்டையை என் முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டிப் பேசினார். “எலக்ட்ரான் ஜோடி ஜோடியா இருக்கும். ஒரு ஜோடிக்கு இன்னொன்னக் கண்டாலே ஆகாது. எம்புட்டு வெலக முடியுமோ அம்புட்டு வெலகி நிக்கும். கார்பன்ல நாலு ஜோடி, நாலுலயும் ஹைட்ரஜன் மாட்டிருக்கு. ஆக்சிஜன்லயும் நாலு ஜோடிதான். ஆனா ரெண்டுலதான் ஹைட்ரஜன். மத்த ரெண்டும் எதையும் பிடிக்காம சும்மா ஒக்காந்திருக்கு. சும்மா இருக்கதுதான் மத்ததப் போட்டு நெருக்கும். அதான் தண்ணி வளைஞ்சிருக்கு. மண்டையில ஏறுதா?”

ஏறியது. அதுதான் எரிச்சல். சும்மா இருக்கிற இரண்டு பேர் வேலை செய்கிறவனை எப்படி நெருக்குவார்கள் என்று எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

அடுத்த சனிக்கிழமைக்குள் திருத்தி வை என்று உருண்டைகளைப் போட்டுவிட்டு அவர் போனதும் அத்தான் சொன்னார். “அடுத்த சனிக்கிழமையும் திருப்பி எறிஞ்சான்னா, நீ மிஷின்ல ஒக்கார வேண்டாம். தம்பி ஒக்காரட்டும். நீ அரக்கு உருட்டு.”

அந்த வாரம் சோறு இறங்கவில்லை. உருண்டையில் நாலு புள்ளி, எந்த இரண்டுக்கும் நடுவே ஒரே தூரம் வரவேண்டும். நூல் சுற்றிப் பார்த்தேன். எலுமிச்சம்பழத்தில் குண்டூசி குத்திப் பார்த்தேன். மூன்று சரியாக வந்தால் நாலாவது வழுக்கிக்கொண்டு போகும். புதன்கிழமை, கடைவதற்கு எல்லாப் பக்கமும் சமமாக அறுத்து வைத்திருந்த சதுரக்கட்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். எட்டு மூலை. ஒரு மூலையில் பென்சில் வைத்தேன். அடுத்த மூலையை விட்டுவிட்டு, கட்டையின் அதே பக்கத்தில் குறுக்கே எதிர்மூலையில் வைத்தேன். இப்படியே சுற்றினால் நாலு மூலை. நூல் வைத்து அளந்தால் எல்லாம் ஒரே நீளம்.

உருண்டையாக்கிவிட்டுத் துளைப்பதுதான் எங்கள் வழக்கம். நான் மாற்றினேன். கட்டையாக இருக்கும்போதே அந்த மூலைகளிலிருந்து நடுவைப் பார்த்துத் துளைத்தேன். கடையும்போது துளைவாய் பிய்ந்துவிடாதபடி அரக்கை உருக்கி ஊற்றி அடைத்தேன். பிறகு கடைந்து, அரக்கைக் குடைந்து எடுத்தேன். கருப்புக்கு நாலு, சிவப்புக்கு அதில் ஏதாவது இரண்டு.

“மூளை கலங்கிருச்சு போல. ஓட்டையப் போட்டுட்டா கடைவான்!” என்றான் பெரியவன். நான் உளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சனிக்கிழமை வாத்தியார் கோணமானியோடு வந்தார். மீத்தேனை மேஜையில் வைத்தார். மூன்று காலில் நின்றது. திருப்பி வைத்தார். எப்படி வைத்தாலும் நின்றது. தண்ணீரை எடுத்து அளந்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

“நூத்தி ஒம்பது இருக்கு. தண்ணிக்கு நூத்தி நாலரைதான். தப்பு.”

பெரியவன் பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டான். என் வாய் தானாகத் திறந்தது.

“நாலு பேரும் சமமா நின்னா நூத்தி ஒம்பது சார். சும்மா இருக்க ரெண்டு பேரும் அஞ்சு டிகிரி கூட நெருக்குதாங்க, அம்புட்டுத்தான். மரத்துல அவங்கள ஒக்கார வைக்க முடியல. வகுப்புல நீங்க வாயால சொல்லிருங்க.”

அவர் கோணமானியைக் கீழே வைத்தார். “இதெல்லாம் ஒனக்கு எவம்லே சொன்னான்?”

“நீங்கதான். போன சனிக்கிழம திட்டும்போது சொன்னீங்க.”

அத்தான் தொண்டையைச் செருமினார். சிரிப்பை அடக்கினாரா, பயந்தாரா தெரியாது. வாத்தியார் ஒவ்வொன்றாகப் பையில் போட்டார், தண்ணீரையும் சேர்த்து. நன்றாக இருக்கிறது என்று ஒரு சொல் வரவில்லை. படியிறங்கும்போது அத்தானிடம் மட்டும் சொன்னார்.

“அண்ணாச்சி, அடுத்த வருசம் அமோனியா செய்யணும். வாய் பேசாத ஆளா வச்சுச் செய்யும்.”

“ஆளு இவன்தான் சார்,” என்றார் அத்தான். “வாய்க்கு நான் பொறுப்பில்ல.”

பெரியவன் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தான். நான் உள்ளே போய் மிஷினைப் போட்டேன். அமோனியாவுக்கு எத்தனை பேர் சும்மா இருப்பார்கள் என்று அப்போதே கவலை தொடங்கிவிட்டது. அந்த ஆளிடம் கேட்கப்போவதில்லை.