ஆள் வேண்டாத வெள்ளாமை

மொக்கைச்சாமிக்கு அறுபத்தெட்டு வயது. செக்கானூரணிக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில், கண்மாய்க்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நெல்வயலும் ஒரு கிணறும் அவருக்கு இருந்தன. கண்மாய் நிறைந்தால் கிணறு ஊறும், கிணறு ஊறினால் நெல். எண்பத்திரண்டாம் வருஷம் ஒரு நெல்மணிகூட விளையவில்லை. எண்பத்து மூன்றும் அப்படியே போனால், அவரும் மனைவி ஒச்சாயியும் மதுரைச் செல்லூரில் மகன் வீட்டுச் சோற்றுக்குத்தான் போய் உட்கார வேண்டும். அதைவிடச் சாவது மேல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மழைக்கு முன்னால் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயைத் தூர்வார, வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது ஊர்க்கட்டு. அந்த வருஷமும் வந்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் வந்த ஆட்களைப் பார்க்க வேண்டுமே! ஒருவருக்கு முழங்கால் மடங்காது. ஒருவருக்கு நாலு கூடை சுமந்ததும் மூச்சு வாங்கும். ஒருவர் கண் தெரியாமல் பக்கத்து ஆளின் காலையே வெட்டப் பார்த்தார். இளவட்டங்கள் எல்லாம் செல்லூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரிலிருந்து முதல் ஆளாகத் தன் மகனை அங்கே அனுப்பியவரே மொக்கைச்சாமிதான். பஸ் ஏற்றிவிட்டு வந்து ஒரு மாதம் அதையே பெருமையாகப் பேசித் திரிந்தார்.

பதினெட்டு நாள் வெட்டினார்கள். கண்மாய் வாய்க்கு முன்னால் இருபது பாகம், நூறடிக்கு மேல், மிச்சம் கிடந்தது, கல்லும் கெட்டி மண்ணுமாக.

ஞாயிற்றுக்கிழமை மகன் ஜெயக்கொடி தறிக்காரப் பையன்கள் ஆறு பேரோடு வந்து இறங்கினான். அரை மணி நேரத்தில் ஒரு பாகம் காலி. அதற்குள் அவன் உள்ளங்கையில் கொப்புளம். பார்த்ததும் மொக்கைச்சாமிக்குச் சுருக்கென்றது.

"கை பழுத்தா அறுந்த நூலை எப்படிடா பிணைப்ப? மொதலாளி வேற ஆளைப் போட்டுருவான். கெளம்பு."

"ரெண்டு நாள்ல முடிச்சிருவோம்யா. லீவு சொல்லிக்கிறோம்."

"நாங்க என்ன செத்தா போய்ட்டோம்? போங்கடா!"

மற்றக் கிழவர்களும் ஒத்து ஊதினார்கள். "ஆமா மாப்ள, போயி பொழப்பப் பாருங்க." பையன்கள் நாலு மணி பஸ்ஸில் திரும்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை பிடித்தது மழை. கால்வாய் நிறையச் செந்தண்ணீர் வந்தது. வெட்டாத இடத்தில் முட்டி நின்று, கரையை உடைத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டி ஓடையில் விழுந்து போயிற்று. தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கிழவர்கள் நின்றார்கள்.

"அம்புட்டும் போகுது," என்றார் மொக்கைச்சாமி. அவருக்கு அழுகை வரவில்லை, கோபம்கூட வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து, ஒச்சாயி போட்ட சோற்றைச் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டார்.

மார்கழியில் கிணறு சேறாகிவிட்டது. விறகு வியாபாரி நல்லகாமன் ஒரு சாக்குச் சீமைக்கருவேல நெற்றோடு வந்தான்.

"உழவு வேணாம், களை வேணாம், ஆளே வேணாம்ண்ணே. தானா மொளைக்கும். நாலு வருஷத்துல நானே வெலை குடுத்து வெட்டி மதுரைக்கு ஏத்திக்கிறேன். ஓட்டல் அடுப்பெல்லாம் இதுலதான எரியுது."

"பக்கத்துக் கெணத்துத் தண்ணியையும் குடிச்சிரும்ல?"

"குடிக்கத்தான் செய்யும்."

"சரி, எறக்கி வை."

பொங்கலுக்கு ஜெயக்கொடி வந்தபோது, அய்யா வயலில் நெற்றை வீசிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, நெல்லு வெளைஞ்ச காட்டுல முள்ளப் போடுற! நாங்க போன பெறகாவது முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லி விட்டிருந்தா திரும்ப வந்திருக்க மாட்டமா?"

"சொல்லாமலே வந்தீகளேடா," என்றார் மொக்கைச்சாமி. "நான்தான வெரட்டி விட்டேன்."

சாக்கில் இன்னும் கால்வாசி மிச்சம் இருந்தது. மொக்கைச்சாமி அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அடுத்த வரப்பைத் தாண்டினார்.